கதையைச் சொல்லிவிட்டுக் குகைக்குள் கூட்டிப் போங்கள்

தமிழ்நாட்டிலிருந்து சீரடி, எல்லோரா, அஜந்தா என்று ஆள் சேர்த்துச் சுற்றுலா நடத்தும் பயண அமைப்பாளர்களுக்கும், பேருந்தில் கூடவே வரும் டூர் மேனேஜர்களுக்கும்,

வணக்கம்.

உங்கள் துண்டறிக்கைகளில் ‘அஜந்தா’ என்ற பெயர் தவறாமல் இருக்கிறது. அதற்காக முதலில் நன்றி. சாய்பாபா தரிசனம், சனி சிங்கணாப்பூர், கிருஷ்ணேஸ்வர் ஜோதிர்லிங்கம் என்று கேட்டு வருகிறவர்களை அஜந்தா வரை கூட்டிப் போவது லேசான காரியம் இல்லை. அவுரங்காபாத்திலிருந்து (இப்போது சத்ரபதி சம்பாஜிநகர்) போக 100 கிலோமீட்டர், வர 100 கிலோமீட்டர். டீசல் செலவு, டிரைவருக்கு ஓய்வு, மதியச் சாப்பாடு என்று உங்களுக்கு ஆயிரம் கணக்கு இருக்கும். அந்தக் கணக்கையெல்லாம் மனதில் வைத்துக்கொண்டுதான் இதை எழுதுகிறேன். கேட்பது ஒன்றே ஒன்று. குகைக்குள் போவதற்கு முன், பேருந்திலேயே, அந்தச் சுவர்களில் இருக்கும் கதைகளைத் தமிழில் சொல்லிவிடுங்கள்.

இப்போது என்ன நடக்கிறது என்று உங்களுக்கே தெரியும். வெயிலில் படியேறி, செருப்பைக் கழற்றி, வரிசையில் நின்று உள்ளே நுழைந்தால் முதலில் எதுவுமே கண்ணுக்குத் தெரியாது. ஓவியங்களைக் காப்பாற்ற வேண்டி உள்ளே வெளிச்சத்தைக் குறைத்தே வைத்திருக்கிறார்கள். ஒரே நேரத்தில் நிறைய பேரை விடுவதில்லை, அதிக நேரம் நிற்கவும் விடுவதில்லை. இருட்டுக்குக் கண் பழகுவதற்குள் ‘இதுதான் பத்மபாணி, 1500 வருஷம் பழசு, எல்லாம் இயற்கைச் சாயம்’ என்று ஒரு குரல் கேட்கும். அடுத்த கூட்டம் வாசலில் நெருக்கும். வெளியே வந்துவிடுவோம். திரும்பும் வழியில் பக்கத்து இருக்கையில் கேட்டுப் பாருங்கள். ‘நல்லாத்தான் இருந்துச்சு, ஆனா ஒண்ணும் புரியல’ என்பார்கள். அவ்வளவு தூரம் வந்தவருக்கு அந்த ஒரு வாக்கியம்தான் மிச்சம் என்றால் எனக்கு மனசு கேட்கவில்லை.

புரியாததற்கு அவர்கள் மேல் குற்றமே இல்லை. அந்தச் சுவர்கள் வரையப்பட்ட முறை அப்படி. நம் கோயில் சுவர்களிலும் வாரப் பத்திரிகைப் படக்கதைகளிலும் கட்டம் கட்டமாக வரிசையாகக் கதை நகரும். அஜந்தாவில் அப்படி வரிசை கிடையாது. அரண்மனையில் நடப்பதெல்லாம் ஓரிடத்தில், காட்டில் நடப்பதெல்லாம் இன்னோரிடத்தில் என்று இடத்தை வைத்துக் காட்சிகளைச் சேர்த்திருப்பார்கள். கதையின் முடிவு நடுவில் இருக்கும், தொடக்கம் ஓரத்தில் இருக்கும். ஒரே ஆள் ஒரே சுவரில் பல தடவை வருவார். காட்சிக்கும் காட்சிக்கும் நடுவே கோடு கிடையாது. ஒரு தூண், ஒரு கோட்டை வாசல், பெட்டிகளை அடுக்கியது மாதிரி வரைந்த பாறைகள், அல்லது அடுத்த காட்சியை நோக்கித் திரும்பி நிற்கும் ஒரு முகம், இவைதான் எல்லைகள். கதை தெரிந்தவருக்கு இது அற்புதமான ஏற்பாடு. தெரியாதவருக்கு, முன்பின் அறியாத கல்யாண வீட்டுக்குள் நுழைந்து யார் மாப்பிள்ளை வீடு, யார் பெண் வீடு என்று விளங்காமல் நிற்பது மாதிரிதான்.

அந்தக் காலத்திலும் இந்தச் சுவர்கள் தாமாகப் பேசியிருக்கும் என்று நான் நினைக்கவில்லை. குகைகள் பெரும்பாலும் துறவிகள் தங்கிய விகாரங்கள். கதைகளை நன்றாக அறிந்த துறவிகள் அங்கேயே இருந்தார்கள். வணிகர்களும் யாத்திரை வந்தவர்களும் விளக்கு வெளிச்சத்தில் பார்த்தபோது யாராவது பக்கத்தில் நின்று சொல்லியிருக்க வேண்டும். இன்று அந்த வேலையை உங்களால் செய்ய முடியும்.

பேருந்தில் எந்தக் கதையை முதலில் சொல்லலாம் என்று கேட்டால், ஆறு தந்தம் கொண்ட யானையின் கதை என்பேன். சத்தந்த ஜாதகம் என்று அதற்குப் பெயர். புத்தர் முற்பிறவிகளில் போதிசத்துவராக வாழ்ந்தபோது நடந்ததாகச் சொல்லப்படும் ஜாதகக் கதைகளில் இதுவும் ஒன்று.

இமயமலைப் பக்கம் ஒரு தாமரைக் குளம். அதன் கரையில் ஒரு பெரிய கூட்டத்துக்கு அரசனாக இருந்தது ஒரு வெள்ளை யானை. அதற்கு மனைவியர் இருவர். ஒரு நாள் பூத்து நின்ற சால மரத்தில் அந்த யானை விளையாட்டாக மோதியது. காற்று எந்தப் பக்கம் அடித்ததோ, பெரியவள் மேல் பூவும் மகரந்தமும் கொட்டின. சின்னவள் மேல் காய்ந்த சுள்ளியும் சருகும் செவ்வெறும்பும் விழுந்தன. யானை அதைப் பார்த்துச் செய்யவில்லை. ஆனால் சின்னவள் மனதில் அது தைத்துவிட்டது. ‘அவளுக்குப் பூ, எனக்கு எறும்பா?’ அந்தக் கோபத்தோடேயே செத்தாள், மறுபிறவியில் காசி அரசனின் ராணியானாள். பழசு மறக்கவில்லை. நோய் வந்தவள் மாதிரிப் படுத்துக்கொண்டு, அந்த யானையின் தந்தம் வந்தால்தான் பிழைப்பேன் என்றாள்.

சோணுத்தரன் என்ற வேடன் புறப்பட்டான். ஏழு வருஷம், ஏழு மாதம், ஏழு நாள் நடந்து அந்த இடத்தைக் கண்டுபிடித்தான். பள்ளம் தோண்டி, துறவியின் காவி உடையைப் போர்த்திக்கொண்டு ஒளிந்திருந்து, நஞ்சு தடவிய அம்பை எய்தான். வலியில் பிளிறிய யானை வேடனைக் கொல்லத்தான் பாய்ந்தது. காவி கண்ணில் பட்டதும் நின்றுவிட்டது. ‘எதற்காக வந்தாய்?’ என்று கேட்டது. தந்தத்துக்காக என்று தெரிந்ததும் தலையைத் தாழ்த்திக் கொடுத்தது. வேடனால் அறுக்க முடியவில்லை. ரம்பத்தைத் தும்பிக்கையில் வாங்கித் தானே அறுத்துக் கொடுத்துவிட்டுச் செத்தது. தந்தங்கள் காசிக்கு வந்தன. ராணி அவற்றை மடியில் வாங்கினாள், ஒரு பிறவி முழுக்கத் தன்னோடு வாழ்ந்தவன் நினைவுக்கு வந்தான், நெஞ்சு வெடித்து இறந்தாள்.

இந்தக் கதை அஜந்தாவில் இரண்டு குகைகளில் இருக்கிறது. 10ஆம் குகையின் வலப்பக்கச் சுவரில் ஒன்று. அது கி.மு. காலத்தது, சாதவாகனர் ஆட்சியை ஒட்டியது, இந்தியாவில் நமக்கு மிஞ்சியிருக்கும் ஓவியங்களில் மிகப் பழையவற்றுள் சேர்ந்தது. மங்கலாகத்தான் இருக்கும். ஆனால் யானைக் கூட்டத்தைத் தேடிப் பிடித்துவிட்டால் கண்ணை எடுக்க முடியாது. ஒவ்வொரு யானையும் ஒவ்வொரு நிலையில் நிற்கிறது. காட்டில் யானைகளை வெகுநாள் பார்த்த கை அது. இன்னொன்று 17ஆம் குகையில், வாகாடகப் பேரரசன் ஹரிசேனன் காலத்தில், கி.பி. 5ஆம் நூற்றாண்டில் வரைந்தது. இரண்டுக்கும் நடுவே ஐந்நூறு வருஷத்துக்கு மேல் இடைவெளி. நாடு மாறி, அரசு மாறி, வண்ணமும் மாறிவிட்டது. ஆனாலும் இரண்டு ஓவியரும் தந்தம் வந்துசேரும் அந்தக் கணத்தை விடவில்லை. தந்தத்தைக் கண்டு சரிகிற ராணியும் அவளைத் தாங்குகிற அரசனும் இரண்டு சுவரிலும் இருக்கிறார்கள். ஜெயித்தவள்தான் விழுகிறாள். கேட்டது கையில் கிடைத்த நொடியில் விழுகிறாள். இதைத் தெரிந்துகொண்டு போகிறவர் அந்த மங்கலான சுவரில் தானாகவே ராணியைத் தேடுவார். தெரியாமல் போகிறவருக்கு அது ‘யானைப் படம்’.

அதனால்தான் முதலில் 1ஆம் குகையில் நுழையாமல் நேராக 10க்குப் போகச் சொல்கிறேன். குகைகளின் எண் கட்டிய வரிசைப்படி போட்டதல்ல, நடந்து போகும் வழியில் ஒரு முனையிலிருந்து போட்டது. காலையில் வருகிற கூட்டம் எல்லாம் 1ஆம் குகை வாசலில்தான் நிற்கும். நீங்கள் 10, 16, 17 பார்த்து, கடைசியில் 26ஆம் குகையில் சுமார் 7 மீட்டர் நீளத்துக்குப் படுத்திருக்கும் புத்தரின் மகாபரிநிர்வாணச் சிற்பத்தையும் பார்த்துவிட்டு, திரும்பி வரும்போது 2, 1 என்று முடிக்கலாம். பழையதிலிருந்து புதியதற்குப் போன மாதிரியும் ஆகும்.

‘எங்க குரூப்ல வர்றவங்க கோயிலுக்கு வர்றவங்க சார், புத்த மதக் கதையெல்லாம் யார் கேப்பாங்க?’ என்று உங்களில் சிலர் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். கேட்பார்கள். நான் பார்த்திருக்கிறேன். ஒரு பயணத்தில் மதியச் சாப்பாட்டு நேரத்தில் சாம ஜாதகத்தைச் சொல்லிக்கொண்டிருந்தேன். கண் தெரியாத தாய் தந்தையரைக் காட்டில் வைத்துக் காப்பாற்றும் சாமன், ஆற்றில் தண்ணீர் மொள்ளப் போன இடத்தில், வேட்டைக்கு வந்த அரசன் எய்த அம்பு பட்டு விழுகிறான். அதற்குள் எதிரே உட்கார்ந்திருந்த ஒரு அம்மா, ‘இது தசரதன் கதைல்ல?’ என்றார். ஆமாம், ராமாயணத்தில் தசரதனுக்குப் புத்திர சோகம் வரக் காரணமான அதே கதைதான். பௌத்தர் சொன்ன வடிவத்தில் மட்டும் பெற்றவர்களின் சத்தியத்தால் பிள்ளை பிழைத்து எழுந்துவிடுகிறான், அவர்களுக்குப் பார்வையும் திரும்புகிறது. ‘அப்பாடா’ என்றார் அந்த அம்மா. மறுநாள் 10ஆம் குகையில் அவர் கேட்ட முதல் கேள்வி, ‘அந்தப் பையன் எங்க?’ என்பதுதான். அவன் அந்தச் சுவரில்தான் இருந்தான்.

சிபியின் கதையைச் சொல்லிப் பாருங்கள். பருந்துக்குத் தப்பி வந்து மடியில் விழுந்த புறாவுக்காகத் தன் தசையை அறுத்துத் தராசில் வைத்த அரசன். 1ஆம் குகையில் அந்தத் தராசும் புறாவும் வரும் கதையை வரைந்திருக்கிறார்கள். இது நமக்கு எவ்வளவு நெருக்கமான கதை! சோழர்கள் தங்களைச் சிபியின் வழிவந்தவர்கள் என்று சொல்லிக்கொண்டார்கள். ‘புறவின் அல்லல்’ தீர்த்தவன் மரபில் வந்தவன் நீ என்று சொல்லித்தான், யானைக் காலில் இடறக் கொண்டுவந்த மலையமானின் பிள்ளைகளை ஒரு புலவர் சோழனிடமிருந்து மீட்டார். புறநானூற்றில் இருக்கிறது. தமிழ் படித்த எந்தப் பயணியும் இதைக் கேட்டால் நிமிர்ந்து உட்காருவார். 17ஆம் குகைக்குப் போனால் சிபி வேறொரு வடிவில் வருகிறான். அங்கே அவன் கொடுப்பது தன் கண்களை.

அதைவிட நெருக்கமானது மகாஜனகன் கதை. 1ஆம் குகையின் இடப்பக்கச் சுவரில் பெரிய இடத்தைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. அரசுரிமை பறிபோன ஒரு இளவரசன், பொருள் தேடிச் சுவர்ணபூமிக்குக் கப்பலேறுகிறான். கப்பல் உடைகிறது. மற்றவர்கள் அழுகிறார்கள், இவன் நீந்துகிறான். கரை கண்ணுக்கே தெரியாத கடலில் ஏழு நாள் நீந்துகிறான். ஏழாவது நாள் ஒரு கடல் தெய்வம் வந்து, ‘கரையே தெரியவில்லை, எதற்காக நீந்துகிறாய்?’ என்று கேட்கிறது. முயற்சி செய்கிறவன் யாருக்கும் கடன்பட்டவன் ஆகமாட்டான் என்கிற பொருளில் அவன் பதில் சொல்கிறான். அந்தத் தெய்வம் அவனைத் தூக்கிக்கொண்டு போய் மிதிலையில் சேர்க்கிறது. தெய்வத்தின் பெயர் மணிமேகலை.

ஆமாம், நம் மணிமேகலா தெய்வம்தான். கோவலனின் முன்னோர் ஒருவர் கப்பல் உடைந்து கடலில் தத்தளித்தபோது காப்பாற்றிய தெய்வம். அந்த நன்றிக்காகத்தான் மாதவிக்குப் பிறந்த பெண்ணுக்கு மணிமேகலை என்று பெயர் வைத்தார்கள். பூம்புகாரில் கேட்ட பெயர், கடலோரமே இல்லாத ஒரு தக்காணத்து மலைச்சரிவில், சுவரில் வரைந்த கதைக்குள் காத்திருக்கிறது. இதைச் சொல்லாமல் தமிழர்களை அந்தச் சுவருக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தித் திருப்பிக் கூட்டி வரலாமா?

கதை அதோடு முடியவில்லை. மகாஜனகன் அரசனாகிறான், சீவலியை மணக்கிறான். ஒரு நாள் தோட்டத்தில் இரண்டு மாமரங்களைப் பார்க்கிறான். காய்த்த மரம் கிளை முறிந்து, இலை உதிர்ந்து சீரழிந்து கிடக்கிறது. காய்க்காத மரம் பசேலென்று நிற்கிறது. போதும் இந்த அரசு என்று தோன்றிவிடுகிறது. சுவரில் இதற்குப் பிறகுதான் ஓவியரின் கைவரிசை. அரண்மனைக்குள் ஒரு நடனம் நடக்கிறது. நடுவில் ஆடுகிறவள் உடம்பைத் திருப்பிய திருப்பலில் அவள் ஆடை வளைந்து விழுகிறது. சுற்றிலும் குழலும் தாளமும் மேளமுமாகப் பெண்கள். இன்னொரு பக்கம் ஒரு முனிவரின் முன்னால் அரசன் கேட்டுக்கொண்டிருக்கிறான். பிறகு குதிரை மேல் நகர வாசலைத் தாண்டிப் போகிறான். ஆட்டத்தை இவ்வளவு ஆசையோடு வரைந்துவிட்டு, அதை விட்டுப் போகிறவனையும் பக்கத்திலேயே வரைந்தார்கள். ஆட்டத்தின் அழகைக் குறைத்து வரைந்திருந்தால் அவன் விட்டுப் போனதற்கு என்ன மதிப்பு? இந்த ஒரு சுவருக்காக மட்டுமே அவுரங்காபாத்திலிருந்து 100 கிலோமீட்டர் வரலாம் என்பது என் எண்ணம்.

பிள்ளைகள் இருக்கும் குழு என்றால் 17ஆம் குகையின் வலப்பக்கச் சுவரில் உள்ள சிம்மளன் கதையை எடுத்துக்கொள்ளுங்கள். கப்பல் உடைந்து கரையேறிய வணிகர்கள், அழகிகளாக வேஷம் போட்ட அரக்கிகள், தப்பிக்க உதவும் பறக்கும் குதிரை, ஊர் வரைக்கும் துரத்தி வந்து அரசனை மயக்கி, அரண்மனையையே தின்று தீர்க்கும் ஒருத்தி, கடைசியில் யானையும் படையும் படகுமாகத் தீவின் மேல் போர். பயப்படவும் கைதட்டவும் எல்லாம் இருக்கிறது. அந்தத் தீவுக்குச் சிம்மளத் தீவு (இலங்கை) என்று பெயர் வந்த கதையாக இதைச் சொல்வார்கள்.

16ஆம் குகையைப் பற்றி ஒரு வேண்டுகோள். அங்கே ஒரு பெண் தலை சாய்ந்து சோர்ந்து கிடப்பாள், தோழி ஒருத்தி தாங்கிப் பிடித்திருப்பாள். ‘இறக்கும் இளவரசி’ என்று ஒரு பெயர் நிலைத்துவிட்டது. கைடுகளும் அதையே சொல்லி நகர்ந்துவிடுகிறார்கள். அவள் புத்தரின் தம்பி நந்தனின் மனைவி. புதுமணப் பெண். கணவன் புத்தரின் பின்னால் போனவன் தலை மழித்துத் துறவியாகிவிட்டான். அவன் கழற்றிவைத்த மணிமுடியைக் கையில் ஏந்திக்கொண்டு ஒருவன் வந்து நிற்கிறான். அதைப் பார்த்துத்தான் அவள் அப்படிச் சரிகிறாள். தயவுசெய்து முடியை ஏந்தி நிற்கிறவனைக் கைகாட்டி, அதற்குப் பிறகு அவள் முகத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். துறவைப் போற்றும் ஒரு மடத்தின் சுவரில், துறவால் தனியாக விடப்பட்டவளின் துக்கத்துக்கும் அவ்வளவு இடம் கொடுத்திருக்கிறார்கள்.

இதற்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டியது 17ஆம் குகையின் கருவறை முன்மண்டபத்தில் இருக்கிறது. ஞானம் பெற்ற பிறகு புத்தர் கபிலவஸ்துவுக்குத் திரும்பி, திருவோட்டோடு வாசலில் வந்து நிற்கிறார். யசோதரை மகன் ராகுலனை முன்னால் நிறுத்தி, ‘அப்பாவிடம் உன் பங்கைக் கேள்’ என்கிறாள். புத்தர் கூரை தொடும் உயரம். தாயும் பிள்ளையும் அவர் முழங்கால் அளவுக்குத்தான் இருப்பார்கள். இருவரும் அண்ணாந்து பார்க்கிறார்கள். அவர் கொடுக்கப்போகும் சொத்து அந்த ஓடுதான். இங்கே விளக்கம் அதிகம் வேண்டாம். யார் யார் என்று மட்டும் சொல்லிவிட்டு ஒதுங்கிக்கொள்ளுங்கள்.

இந்த 17ஆம் குகையைக் குடைவித்தவர் வாகாடகருக்குக் கட்டுப்பட்ட ஒரு சிற்றரசர். தம்பி ரவிசாம்பன் இறந்த துயரத்தில், எதுவும் நிலையில்லை என்று உணர்ந்து அறப்பணியில் இறங்கியதாக அங்குள்ள கல்வெட்டே சொல்கிறது. தம்பியை இழந்த ஒருவர் கொடுத்த இடத்தில் இத்தனை உயிர்ப்பான முகங்கள் என்பதையும் பேருந்தில் சொல்லலாம்.

‘ஏன் இவ்வளவு கறுத்துப் போயிருக்கு?’ என்று நிச்சயம் கேட்பார்கள். பதிலைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். கரடுமுரடாகக் கொத்திய பாறை மேல் மண், உமி, நார் கலந்த பூச்சு. அது மேல் மெல்லிய சுண்ணாம்புப் பூச்சு. அது காய்ந்த பிறகு பசை கலந்த வண்ணம். காவி, மஞ்சள், பச்சை மண், விளக்குக் கரி, வெண்மை. 5ஆம் நூற்றாண்டுக் குகைகளில் மின்னும் நீலம் மட்டும் லாபிஸ் லாசுலி என்னும் நீலக்கல்லை அரைத்தது, ஆப்கானிஸ்தான் பக்கத்துச் சுரங்கத்திலிருந்து வந்தது. ஈரச் சுண்ணாம்பில் ஊறிய வண்ணம் இல்லை என்பதால் பிடிப்பு குறைவு, ஈரம் பட்டால் உதிரும். போதாததற்கு 19ஆம் நூற்றாண்டில் படியெடுத்தவர்கள் வார்னிஷ் பூசினார்கள். 1920களில் ஹைதராபாத் நிஜாம் அரசு வரவழைத்த இத்தாலிய வல்லுநர்கள், உதிர்ந்துகொண்டிருந்ததை ஒட்டிப் பிடிக்கவைத்துக் காப்பாற்றினார்கள். ஆனால் அவர்கள் பூசிய அரக்கு நாளாக ஆகப் பழுப்பேறிவிட்டது. தொல்லியல் துறை பொறுமையாகச் சுத்தம் செய்துவருகிறது.

பிரதிகளின் கதி இன்னும் மோசம். மதராஸ் படையைச் சேர்ந்த ராபர்ட் கில் 1844இல் தொடங்கி ஆண்டுக்கணக்கில் அங்கேயே கிடந்து வரைந்தவற்றில் பெரும்பகுதி 1866இல் லண்டன் கிரிஸ்டல் பேலஸ் தீயில் போனது. அடுத்து ஜான் கிரிஃபித்ஸ் பம்பாய் ஓவியப்பள்ளி மாணவர்களோடு வரைந்தவற்றில் பல 1885இல் இன்னொரு லண்டன் தீயில் போயின. நமக்கு இருப்பது அந்தச் சுவர்தான். அதனால் கையை வைக்காதீர்கள், சாயாதீர்கள், ஃபிளாஷ் போடாதீர்கள் என்று காவலர் சொல்வதற்கு முன் நீங்களே சொல்லிவிடுங்கள். 1819 ஏப்ரல் 28ஆம் தேதி புலி வேட்டைக்கு வந்து இந்தக் குகைகளைக் கண்ட ஜான் ஸ்மித் என்ற ஆங்கிலேய அதிகாரி, 10ஆம் குகைத் தூண் ஒன்றில் வரைந்திருந்த உருவத்தின் மேலேயே தன் பெயரையும் தேதியையும் கீறிவிட்டுப் போனான். தரையெல்லாம் மண்மேடாக இருந்த காலம் என்பதால் அந்தக் கீறல் இன்று நம் தலைக்கு மேலே இருக்கிறது. இளவட்டங்களுக்கு அதைக் காட்டுங்கள். அப்புறம் யாருக்கும் சாவியை எடுத்துக் கீறத் தோன்றாது.

இனி நடைமுறைக்கு வருகிறேன். அஜந்தாவுக்குத் திங்கட்கிழமை விடுமுறை, எல்லோராவுக்குச் செவ்வாய்க்கிழமை. இது உங்களுக்குத் தெரியும், ஆனால் ரயில் டிக்கெட் கிடைத்த தேதிக்கு ஏற்ப நாளை முடிவு செய்யும்போது அஜந்தாவே கழன்றுவிடுகிறது. இரண்டையும் ஒரே நாளில் திணிக்காதீர்கள். இரண்டும் அவுரங்காபாத்திலிருந்து வேறு வேறு பாதையில் இருக்கின்றன. எல்லோரா 30 கிலோமீட்டர்தான், அதையும் கிருஷ்ணேஸ்வர் கோயிலையும் ஒரு நாளில் வைத்து, அஜந்தாவுக்கு ஒரு முழு நாள் கொடுங்கள். விடியற்காலை கிளம்பினால் டிபனை வழியில் முடித்துக்கொண்டு, கதவு திறக்கும் நேரத்துக்கு ஃபர்தாபூர் சந்திப்பில் இறங்கலாம். உங்கள் பேருந்து அங்கேயே நின்றுவிடும், மீதி 4 கிலோமீட்டருக்கு அங்குள்ள பேருந்துதான்.

அந்த இரண்டரை மணி நேரப் பயணம்தான் உங்கள் கதை நேரம். வழக்கமாக டிவியில் படம் ஓடும். அன்று ஒரு நாள் மட்டும் அதை அணைத்துவிட்டு, மைக்கை எடுத்து நான்கு கதை சொல்லுங்கள். நல்ல புகைப்படங்கள் கிடைக்கின்றன, அதே டிவியில் காட்டுங்கள். யானை எங்கே, ராணி எங்கே என்று விரலால் காட்டுங்கள். உள்ளே போனதும் கண் தானாகத் தேடும், குகைக்குள் பேச்சும் குறையும். உள்ளூர் கைடை வேண்டாம் என்று சொல்லவில்லை. அனுமதி பெற்ற கைடுகளில் நன்றாகப் படித்தவர்கள் இருக்கிறார்கள், அவர்களை அமர்த்துங்கள். அவர் இந்தியிலோ ஆங்கிலத்திலோ சொல்வது, ஏற்கெனவே கதை தெரிந்தவர்களுக்கு அரைகுறையாகக் கேட்டாலும் பிடிபட்டுவிடும். கூட்டம் பெரிதென்றால் இரண்டாகப் பிரித்து, ஒரு பாதி 16க்கும் ஒரு பாதி 17க்கும் போகட்டும். பெரியவர்களுக்கு நாற்காலியில் தூக்கிப் போகும் டோலி இருக்கிறது. கூலியை ஏறுவதற்கு முன்பே நீங்கள் பேசிக்கொடுங்கள், அவர்களை நடுவழியில் பேரம் பேச விடாதீர்கள்.

எல்லாக் குகையையும் காட்ட வேண்டும் என்ற ஆசை வேண்டாம். முப்பது குகையை எட்டிப் பார்ப்பதைவிட ஐந்தில் நின்று பார்ப்பது மேல். நுழைந்ததும் இருட்டுக்குக் கண் பழகும்வரை யாரையும் பேசவிடாமல் நிற்க வையுங்கள். இன்னொன்று. நமக்கு அது சுற்றுலா இடம். அங்கே வருகிற மகாராஷ்டிரத்துப் பௌத்தர்களில் பலருக்கு அது வழிபடும் இடம். கருவறையில் அவர்கள் கைகூப்பி நிற்கும்போது செல்ஃபிக்கு வழி கேட்காமல் காத்திருக்கச் சொல்லுங்கள்.

மழை முடிந்ததும் உங்கள் சீசன் தொடங்குகிறது. அடுத்த துண்டறிக்கையை அச்சுக்குக் கொடுக்கும்போது, ‘அஜந்தா (2 மணி நேரம்)’ என்ற வரியை எடுத்துவிட்டு, ‘அஜந்தா, முழு நாள், தமிழில் கதைகளுடன்’ என்று போடுங்கள். கொஞ்சம் கட்டணம் கூடினாலும் வருவார்கள். கதைகளைத் தமிழில் எழுதித் தர வேண்டும் என்றால், பைசா வாங்காமல் எழுதித் தருகிறேன். யார் பெயரும் போட வேண்டாம், உங்கள் டூர் மேனேஜர் படித்துச் சொன்னால் போதும்.

அன்புடன்,
உங்கள் பேருந்துகளில் வந்துகொண்டிருக்கும் ஒரு பயணி